மிருதங்கமா, ஐடி வேலையா? 21 வயதில் குழம்பி நிற்கிறேன், அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்

காவிரிக்கரை லயம் (கேள்வி)

எல்லோருக்கும் வணக்கம். ரொம்ப நாளாக இங்கே படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன், எழுதுவது இதுதான் முதல் தடவை. கொஞ்சம் நீளமாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கும்பகோணத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமம் எங்களுடையது. அப்பா மளிகைக்கடை வைத்திருக்கிறார். வீட்டில் சங்கீதம் யாருக்கும் தெரியாது. சின்ன வயதில் கடையில் காலி எண்ணெய் டின்னைக் கவிழ்த்துப் போட்டுத் தட்டிக்கொண்டே இருப்பேனாம், சாமான் வாங்க வந்த ஒருவர் அதைக் கவனித்து எங்கள் சாரிடம் கூட்டிக்கொண்டு போய் விட்டார். அப்போது எனக்கு ஒன்பது வயது. சார் மாவட்ட அரசு இசைப்பள்ளியில் மிருதங்க ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். தத்தித்தொம்நம்மில் ஆரம்பித்து இன்றைக்குப் பன்னிரண்டு வருஷம். மாசம் இவ்வளவு என்று அவர் ஒரு நாளும் கேட்டதில்லை, அப்பா கொடுத்ததை வாங்கிக்கொள்வார், கொடுக்க முடியாத மாசங்களில் அந்தப் பேச்சையே எடுக்க மாட்டார்.

இதுவரை அறுபது கச்சேரி வாசித்திருப்பேன். பெரும்பாலும் கோயில் உற்சவம், நவராத்திரி, ராமநவமி. திருவையாறு ஆராதனையில் இரண்டு வருஷம் வாசித்தேன், ஒவ்வொரு தடவையும் ஒரு பாட்டு, பத்து பன்னிரண்டு நிமிஷம். சென்னையில் இரண்டே தடவைதான் வாசித்தேன், அதில் ஒன்று போட்டி.

இப்போது திருச்சியில் இன்ஜினியரிங் முடிகிறது. கேம்பஸில் ஒரு கம்பெனியில் எடுத்திருக்கிறார்கள், சிறுசேரியில் வேலை, ஆகஸ்டில் சேர வேண்டும். அப்பா ஒன்றும் சொல்லவில்லை, "உனக்குத் தெரியாததா, நீயே பார்த்து முடிவு பண்ணு" என்றார். ஆனால் தங்கை பிளஸ் டூ படிக்கிறாள், கடையில் வியாபாரம் எப்படி இருக்கிறது என்பதும் எனக்குத் தெரியும். சாரிடம் கேட்டேன். ரொம்ப நேரம் பேசாமல் இருந்துவிட்டு "போயிட்டு வா, ஆனா கையை விட்டுடாதே" என்றார். அந்த வார்த்தை மனசை விட்டுப் போகவே மாட்டேன் என்கிறது.

நான் கேட்க வருவது இதுதான். வேலைக்குப் போனால் நிஜமாகவே கை போய்விடுமா? போகாமல் இருந்தால் பக்கவாத்தியம் வாசித்து 25, 26 வயதுக்குள் வயிற்றுப்பாட்டுக்காவது சம்பாதிக்க முடியுமா? சென்னையில் யாரையும் தெரியாத ஒருவன் சபாக்களுக்குள் எப்படி நுழைவது? உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள்.

---

மந்தைவெளி மிருதங்கம்

தம்பி, பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் நான் நின்ற இடத்தில்தான் நீ நிற்கிறாய், அதனால் நடந்ததை அப்படியே சொல்கிறேன்.

நான் வேலைக்குப் போனேன். முதல் வருஷம் கை போகத்தான் செய்தது. வேலை ஓஎம்ஆரில், அதனால் ஆபீஸுக்குப் பக்கத்திலேயே நாலு பேரோடு ஒரு ஃபிளாட் எடுத்தேன், அதுதான் நான் பண்ணிய பெரிய தப்பு. ராத்திரி ஒன்பது மணிக்கு அறைக்கு வந்து மிருதங்கத்தை எடுத்தால் பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் தட்டுவார். தலையணையில் வாசித்துப் பார்த்தேன், வேகம் ஓரளவு தங்கியது, நாதம் போய்விட்டது. கையில் நாதம் போனது நமக்கு முதலில் தெரியாது, கேட்பவனுக்குத்தான் தெரியும். ஒரு மதியக் கச்சேரிக்கு லீவு போட்டுவிட்டுப் போனேன். அன்றைக்குத் தனி, அதாவது பாட்டு நின்று தாள வாத்தியம் மட்டும் வாசிக்கிற பகுதி, எட்டு நிமிஷம்தான். ஐந்தாவது நிமிஷத்தில் முன்கை இறுகிவிட்டது, முடிவில் வருகிற மோராவுக்கு வரும்போது சாப்பு என்கிற அடி ஒன்றுகூடப் பேசவில்லை, வெறும் தோல் சத்தம்தான் வந்தது. பக்கத்தில் கடம் வாசித்த அண்ணா என் முகத்தைப் பார்த்துவிட்டு, அடுத்த சுற்றைத் தானே இழுத்து வாசித்து எனக்கு மூச்சுவிட நேரம் கொடுத்தார். அந்த உதவியை இன்றைக்கும் நினைத்துக்கொள்கிறேன்.

அதற்கப்புறம்தான் வீட்டை மாற்றினேன். மந்தைவெளியில் ஒரு மொட்டைமாடி அறை, வீட்டுக்காரம்மாவுக்குச் சங்கீதம் பிடிக்கும், காலையில் நாலரைக்கு உட்கார்ந்தால்கூட ஒன்றும் சொல்ல மாட்டார். ஆபீஸ் போக ஒன்றரை மணி நேரம், வர ஒன்றரை மணி நேரம். ஆனால் சாயங்காலம் கச்சேரி நடக்கிற ஊரில் இருந்தேன். மயிலாப்பூர், ஆழ்வார்ப்பேட்டை, தி.நகர் எல்லாம் பக்கம். ஏழு மணிக்கு பஸ்ஸை விட்டு இறங்கி நேரே சபாவுக்குப் போய், தனியையும் கடைசியில் வருகிற சின்னப் பாட்டுகளான துக்கடாவையும் மட்டும் கேட்டுவிட்டு வீட்டுக்கு வந்த நாட்கள் நூறு இருக்கும். அங்கே வாசலில் நின்று பேசியதில்தான் என் வயசுப் பாடகர்களும் வயலின்காரர்களும் பழக்கமானார்கள். என்னை முதன்முதலில் கூப்பிட்டவர்கள் அவர்கள்தான், எந்தச் செயலாளரும் இல்லை.

ஆறு வருஷம் வேலை பார்த்தேன். இரண்டு வருஷச் சாப்பாட்டுக்கும் வாடகைக்கும் பணம் சேர்ந்த பிறகு விட்டேன். இப்போது முழு நேரமும் வாசிப்பும் சொல்லிக்கொடுப்பதும்தான்.

படித்து வேலைக்குத் தகுதியானவர்கள் சங்கீதத்தில் மேலே வரவில்லையா என்று கேட்டால் நிறைய பேர் வந்திருக்கிறார்கள். நம் வாத்தியத்திலேயே உமையாள்புரம் சிவராமன் சார் பி.ஏ., பி.எல். படித்தவர். சஞ்சய் சுப்ரமண்யன் சி.ஏ., சௌம்யா மேடம் சென்னை ஐஐடியில் கெமிஸ்ட்ரி படித்தவர். ஆனால் இதைப் பார்த்துவிட்டு ஏமாந்துவிடாதே. சிவராமன் சார் பத்து வயதிலேயே அரங்கேறியவர், ஆறுபாதி நடேசய்யர், தஞ்சாவூர் வைத்தியநாதய்யர், பாலக்காடு மணி ஐயர், கும்பகோணம் ரங்கு ஐயங்கார் என்று நாலு பெரிய குருமார்களிடம் கற்றவர். அந்த அஸ்திவாரம் வேறு.

அதனால் வேலைக்குப் போ, ஆனால் எங்கே குடியிருக்கப் போகிறாய், எந்த வருஷம் விடப் போகிறாய் என்ற இரண்டையும் சேருவதற்கு முன்னாலேயே முடிவு பண்ணிக்கொள். பின்னால் பார்த்துக்கொள்ளலாம் என்று சேர்ந்த என் நண்பர்கள் மூன்று பேர் இன்றைக்கு மிருதங்கத்தை உறை போட்டு அலமாரிமேல் வைத்திருக்கிறார்கள், அதில் ஒருவன் என்னைவிட நல்ல கைக்காரன்.

---

ஐந்தரைக் கட்டை

நான் பாடுகிறவள், வயது 29. பக்கவாத்தியக்காரரைத் தேர்ந்தெடுக்கிற பக்கத்திலிருந்து சொல்கிறேன், ஏனென்றால் மிருதங்கம் வாசிக்கிற பையன்களுக்கு இதை யாரும் சொல்வதில்லை.

உங்கள் தாளக் கணக்குக்காக யாரும் உங்களைக் கூப்பிடுவதில்லை. முதல் தடவை வேண்டுமானால் கூப்பிடுவார்கள். இரண்டாவது தடவை கூப்பிடுவது பாட்டுக்கு எப்படி வாசித்தீர்கள் என்பதற்காகத்தான்.

ஒரே மாதத்தில் எனக்கு இரண்டு பையன்கள் வாசித்தார்கள், இருவருக்கும் உங்கள் வயசு இருக்கும். இரண்டு கச்சேரியிலும் சங்கராபரணத்தில் மிஸ்ர சாபு தாளத்தில் மெதுவாகப் போகிற ஒரு விளம்ப காலக் கிருதி பாடினேன். முதல் பையன் நல்ல வேகக்காரன், சபையில் கைதட்டல் அவனுக்குத்தான். ஆனால் அந்தப் பாட்டில் இரண்டு வார்த்தைக்கு நடுவில் ஒரு இடைவெளி வந்தால் போதும், அதை நிரப்பிவிடுவான். சரணத்தில் கீழ் ஷட்ஜத்தில் நின்று மெதுவாக மேலே ஏற வேண்டிய ஒரு இடம், அங்கே எனக்குத் தேவை மௌனம். அவன் அங்கேதான் ஃபரன் என்கிற வேகச் சொற்களை வைத்தான். இரண்டாவது பையன் அதே இடத்தில் வலது கையை எடுத்துவிட்டான். இடது பக்கத் தொப்பியில் ஒரே ஒரு கும்கி, அழுத்தி இழுக்கிற அந்த நாதம், ரொம்ப மெல்ல, நான் மேலே போய்ச் சேரும்போது கூட வந்து சேர்ந்தான். எனக்கு அந்த இடத்தில் உடம்பு சிலிர்த்தது. கச்சேரி முடிந்ததும் "இந்தப் பாட்டு தெரியுமா" என்று கேட்டேன். "பாடமாகவே இருக்கு அக்கா, ஒரு டீச்சர்கிட்ட பாட்டும் கத்துக்கறேன்" என்றான். அதற்கப்புறம் இருபது கச்சேரிக்குமேல் அவன்தான் எனக்கு வாசித்திருக்கிறான்.

அதனால் தம்பி, நீங்கள் என்ன முடிவு எடுத்தாலும் சரி, பாட்டு கற்றுக்கொள்ளுங்கள். பாடிக் கச்சேரி பண்ண வேண்டியதில்லை. சரளி வரிசையிலிருந்து வர்ணம் வரைக்குமாவது முறையாகப் போங்கள், பைரவி அட தாள வர்ணத்தைத் தாளம் போட்டுக்கொண்டு இரண்டு காலத்தில் பாடிப் பாருங்கள், அந்தத் தாளத்தின் பதினாலு அட்சரம் உடம்பில் உட்கார்ந்த பிறகு வாசிப்பே மாறும். பாலக்காடு மணி ஐயர் வாசித்த பழைய ரேடியோ பதிவுகளில் தனியைத் தள்ளிவிட்டுப் பாட்டுக்கு வாசிப்பதை மட்டும் கேளுங்கள், அவருக்கு சாகித்யமே கையில் இருந்தது என்பது புரியும். மிருதங்கக்காரர் ஒருவருக்கு முதன்முதலாக மியூசிக் அகாடமியின் சங்கீத கலாநிதி விருது கிடைத்தது 1966ல், அது அவருக்குத்தான்.

பணத்தைப் பற்றியும் கேட்டிருக்கிறீர்கள். இளைஞர் கச்சேரிகளில் பணம் கிடையாது, அதைப் பூசி மெழுக எனக்கு விருப்பமில்லை. முதல் நாலு டிசம்பர் சங்கீத சீசனில் சபா கொடுத்த சன்மானம் வயலினுக்கும் மிருதங்கத்துக்கும் பிரித்துக் கொடுக்கவே பத்தவில்லை, கையிலிருந்து போட்டுத்தான் கொடுத்தேன். ஒரு இடத்தில் ஸ்லாட் வேண்டுமென்றால் நன்கொடை கொடுங்கள் என்றே கேட்டார்கள். மாட்டேன் என்று சொல்லிவிட்டு வந்து, அந்த வருஷம் ஒரு கோயிலில் பாடினேன். காசு கொடுத்து மேடை வாங்குவதை மட்டும் நீங்கள் ஒருநாளும் பண்ணாதீர்கள். அப்படி ஒரு தடவை கிடைத்த மேடைக்கு மறு வருஷமும் காசு கேட்பார்கள்.

---

பழைய கமிட்டிக்காரன்

ஒரு சின்ன சபாவின் கமிட்டியில் பதினெட்டு வருஷம் இருந்தேன், இப்போது ஓய்வு. அதனால் உள்ளே என்ன நடக்கிறது என்று சொல்ல முடியும்.

டிசம்பருக்கான விண்ணப்பங்கள் ஜூன், ஜூலையிலேயே வந்து குவிந்துவிடும். இளையவர்கள் பிரிவில் எங்களிடம் இருந்த இடங்கள் பத்து பதினைந்துதான், விண்ணப்பம் அதைப்போல் பத்து மடங்கு. ஒருவர் அனுப்புகிற பதிவில் மூன்று நிமிஷம் கேட்போம், அவ்வளவுதான் நேரம். யாரிடம் கற்கிறார் என்று பார்ப்போம். இது நியாயமா என்றால், முழு நியாயமில்லை. கிராமத்தில் நல்ல குருவிடம் கற்ற பையனை அந்த முறையில் நாங்களே தவற விட்டிருக்கிறோம், அந்த வருத்தம் எனக்கு இன்றும் உண்டு.

ஆனால் பக்கவாத்தியக்காரர்களுக்கு வழி வேறு. சில சபாக்களில் நாங்களே போடுவோம், பல இடங்களில் பாடுகிறவர்தான் சொல்வார். மந்தைவெளிக்காரர் சொன்ன மாதிரி, சம வயதுப் பாடகர்களோடு பழகுவதுதான் உங்களுக்கு நுழைவாயில். 1980களில் இளைஞர் சங்கீத சங்கம் என்று பையன்களும் பெண்களும் தாங்களே சேர்ந்து மேடை அமைத்துக்கொண்டார்கள், பின்னால் பெரிய பெயர் எடுத்த விஜய் சிவா, சஞ்சய் போன்றவர்கள் அந்தக் கூட்டத்தில் இருந்தவர்கள். உங்கள் ஊரிலும் இதைச் செய்யலாம். காவிரிக்கரையில் மண்டபம் இல்லாத கோயில் ஏது? மாசம் ஒரு சனிக்கிழமை நாலு பேர் சேர்ந்து ஒரு மணி நேரம் வாசியுங்கள்.

உடனே செய்ய வேண்டியது ஆகாசவாணி. அவர்கள் நடத்துகிற அகில இந்திய இசைப் போட்டிக்கு வயது 16லிருந்து 24 வரை, உங்களுக்கு இன்னும் அவகாசம் இருக்கிறது. போட்டி ஒருபுறம் இருக்கட்டும், ஆடிஷன் கொடுத்து பி கிரேடு வாங்குங்கள். ஊர்க் கோயில் தர்மகர்த்தாவிலிருந்து வெளிநாட்டில் அழைக்கிறவர்கள் வரை "ரேடியோ கிரேடு என்ன" என்று இன்றும் கேட்கிறார்கள். மத்திய கலாசார அமைச்சகத்தின் இளம் கலைஞர் உதவித்தொகை ஒன்று உண்டு, 18லிருந்து 25 வயது வரை, மாதம் 5,000 ரூபாய், இரண்டு வருஷம். பெரிய தொகை இல்லைதான், ஆனால் சென்னைக்கு வந்துபோகிற பஸ் செலவும் மிருதங்கத்துக்குத் தோல் மாற்றுகிற செலவும் அதில் அடங்கும். விளம்பரம் வரும்போது குருவின் சான்றிதழோடு தயாராக இருங்கள்.

இன்னொன்று, சின்ன விஷயம்தான், ஆனால் நான் நிறையப் பார்த்தது. கச்சேரிக்கு ஒரு மணி நேரம் முன்னால் வாருங்கள். ஏசி ஹாலில் மிருதங்கம் கொஞ்ச நேரம் இருந்தால் ஸ்ருதி மாறும். வெயிலில் ஆட்டோவில் வந்து நேரே மேடை ஏறி, வர்ணம் பாடி முடிக்கிற வரைக்கும் ஸ்ருதி சேர்க்கக் கல்லை வைத்துத் தட்டிக்கொண்டிருந்த பிள்ளைகளை மறுபடியும் போட வேண்டாம் என்று கமிட்டியிலேயே பேசியிருக்கிறோம்.

---

வலந்தலை

மேலே எழுதியவர்கள்மேல் மரியாதை உண்டு, ஆனால் என் கருத்து வேறு. நான் மிருதங்கம் வாசிக்கிற பெண், வயது 31, வேலைக்குப் போகவில்லை.

எல்லோரும் மந்தைவெளி அண்ணா மாதிரி நாலரைக்கு எழுந்துவிட மாட்டார்கள். ஒன்பது மணி நேரம் வேலை, மூன்று மணி நேரம் பயணம், அதற்குமேல் சாதகம் என்றால் நூற்றில் எத்தனை பேருக்கு முடியும்? 21லிருந்து 26 வரைதான் கை கடைசியாக ஒரு முறை வளர்கிற காலம் என்பது என் அனுபவம். அந்த வயதில் தினமும் நாலு மணி நேரம் வாசித்தது இன்றைக்கும் என்னைக் காப்பாற்றுகிறது. இரண்டரை மணி நேரக் கச்சேரிக்குச் சம்மணம் போட்டு உட்கார முதுகும் இடுப்பும் தாங்குவதற்கே பழக்கம் வேண்டும்.

வருமானம் எனக்குச் சொல்லிக்கொடுப்பதிலிருந்துதான். காலை ஐந்தரையிலிருந்து ஏழரை வரை அமெரிக்காவிலிருக்கிற குழந்தைகளுக்கு ஆன்லைனில் வகுப்பு, அவர்களுக்கு அப்போது முந்தின நாள் ராத்திரி. நெட்டில் சத்தம் தாமதமாக வருவதால் சேர்ந்து தாளம் போட முடியாது. நான் ஒரு பாடம் வாசிப்பேன், நிறுத்துவேன், அந்தக் குழந்தை தானே தாளம் போட்டுச் சொற்கட்டைச் சொல்லிவிட்டு அப்புறம் வாசிக்கும். முதலில் இதைக் குறை என்று நினைத்தேன். ஆனால் வாயால் சொல்லி வாசிப்பதால் பிள்ளைகளுக்குக் கணக்கு நன்றாக நிற்கிறது. ஏழு மாணவர்கள் இருந்தால் மயிலாப்பூரில் ஒரு சின்ன போர்ஷனுக்கு வாடகை கொடுத்துச் சாப்பிடலாம், நான் அப்படித்தான் ஆரம்பித்தேன். வகுப்பு முடிந்ததும் பகல் முழுவதும் நம்முடையது.

ஆனால் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தால் அதிலேயே மூழ்கிவிடுகிற ஆபத்து உண்டு. எண்ணிக்கையை ஏழு எட்டோடு நிறுத்தத் தெரிய வேண்டும். என்னோடு கற்றவர்களில் சிலர் முப்பது மாணவர்கள் வைத்திருக்கிறார்கள், நல்ல வருமானம், கச்சேரி கிடையாது. அது அவர்கள் தேர்வு, தவறில்லை.

பெண் என்பதால் எனக்கு வந்தது வேறு சோதனை. "சீனியர் பாடகர் ஒத்துக்கொள்ள மாட்டார்" என்று கடைசி நேரத்தில் மாற்றிய கச்சேரிகள் உண்டு. புதுக்கோட்டை ரங்கநாயகி அம்மாள் போன நூற்றாண்டின் முற்பாதியிலேயே மேடையில் மிருதங்கம் வாசித்தவர். சுகன்யா ராம்கோபால் மேடம் கடத்தை எடுத்தபோது எவ்வளவு எதிர்ப்பு இருந்தது என்று அவரே பல பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். அவர்கள் போட்ட பாதையில் நடக்கிறேன் என்ற எண்ணம்தான் அந்த நாட்களில் என்னைத் தாங்கி நிறுத்தியது. தம்பி, உங்கள் தங்கைக்கும் ஆசை இருந்தால் அவளையும் சாரிடம் உட்கார வையுங்கள்.

வேலையே வேண்டாம் என்று சொல்லப் பயமாக இருந்தால் நடுவழி ஒன்று இருக்கிறது. இசையில் எம்.ஏ. பண்ணுங்கள். சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் உங்கள் ஊரிலிருந்து பக்கம்தான், அங்கே இசைக் கல்லூரி 1929லிருந்து இருக்கிறது. பட்டம் வேறு பாடத்தில் என்பதால் சேர என்ன தகுதி கேட்கிறார்கள் என்று நேரில் போய் விசாரியுங்கள். யுஜிசி நெட் தேர்வில் இசைப் பாடத்துக்குள் தாள வாத்தியம் தனிப் பிரிவாகவே இருக்கிறது. கல்லூரி ஆசிரியர் வேலைக்கு அது வழி. இடங்கள் குறைவு, காத்திருக்க வேண்டிவரும், ஆனால் காத்திருக்கிற காலமெல்லாம் சங்கீதத்திலேயே இருப்பீர்கள்.

---

மந்தைவெளி மிருதங்கம்

வலந்தலை சொல்கிற நாலு மணி நேரக் கணக்கை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்தப் பையனுடைய வீட்டில் தங்கை படிக்கிறாள், கடை நொடித்துக்கொண்டிருக்கிறது என்று அவனே சொல்லாமல் சொல்லியிருக்கிறான். முதல் மாதத்திலிருந்து ஏழு மாணவர்கள் வந்துவிட மாட்டார்கள். வீட்டுக் கவலை தலையில் இருக்கும்போது நாலு மணி நேரம் உட்கார்ந்தாலும் கை வேலை செய்யும், மனசு செய்யாது. இதை அனுபவித்தவன் என்பதால் சொல்கிறேன்.

---

வலந்தலை

அது உண்மை அண்ணா. எனக்கு முதல் இரண்டு வருஷம் வாடகையை அம்மாதான் கொடுத்தார், அதை நான் எழுதியிருக்க வேண்டும். அந்தக் கைத்தாங்கல் எனக்கு இருந்தது. அது இல்லாதவரிடம் வேலையை விடு என்று நான் சொல்லக்கூடாதுதான்.

---

காவிரிக்கரை லயம்

இவ்வளவு பேர் இவ்வளவு நேரம் செலவழித்து எழுதுவீர்கள் என்று எதிர்பார்க்கவில்லை. எல்லாவற்றையும் இரண்டு மூன்று தடவை படித்தேன், சாருக்கும் படித்துக் காட்டினேன். ஐந்தரைக் கட்டை அக்கா எழுதிய அந்தக் கும்கி விஷயத்தைக் கேட்டதும் சார் "அந்தப் பையன் யாரு, யார்கிட்ட பாடம்?" என்று கேட்டார். அப்புறம் எழுந்துபோய் ஒரு பழைய நோட்டைக் கொண்டுவந்தார், அதில் அவர் இளவயதில் எழுதி வைத்த கிருதிகள் இருநூறுக்குமேல், ஒவ்வொன்றிலும் பாட்டு தொடங்குகிற எடுப்பு எங்கே, எந்த இடத்தில் நிறுத்த வேண்டும் என்று சிவப்பு மையில் குறிப்பு. பன்னிரண்டு வருஷத்தில் அந்த நோட்டை எனக்கு அவர் காட்டியதே இல்லை. "நீ கேட்கலையே" என்றார்.

பாட்டுக்கு எங்கள் ஊர்க் கோயில் ஓதுவார் ஐயாவிடம் கேட்டேன். காலை பூஜை முடிந்ததும் அரை மணி நேரம் சொல்லித்தருகிறேன் என்றார். வர்ணம் அவர் சொல்லித்தர மாட்டார், தேவாரம்தான், ஆனால் பண் நிற்கிற இடமும் மூச்சு விடுகிற இடமும் புரிய ஆரம்பிக்கிறது. சென்னைக்கு வந்தபிறகு முறையாக ஒரு டீச்சரிடம் சேர்ந்துகொள்கிறேன்.

வேலையில் சேருவதாக முடிவு பண்ணிவிட்டேன். தங்கை காலேஜ் மூன்று வருஷம் முடிகிற வரைக்கும், அதற்குமேல் இல்லை. நோட்டில் தேதி போட்டு எழுதி அப்பாவிடமும் காட்டிவிட்டேன். மயிலாப்பூர் மந்தைவெளிப் பக்கம்தான் அறை பார்க்கப்போகிறேன். ஆகாசவாணி ஆடிஷனுக்குப் பாடம் தயார் பண்ண ஆரம்பித்தாகிவிட்டது.

கடைசியாக ஒரு சந்தேகம். என்னிடம் இருப்பது ஒரே ஒரு மிருதங்கம், ஒரு கட்டை ஸ்ருதிக்கான தக்கு, அதாவது கீழ் ஸ்ருதி மிருதங்கம். இங்கே பாடுகிற பெரியவர்களுக்கு அது போதுமாக இருந்தது. சென்னைக்கு வரும்போது இன்னொன்று வாங்கப் பணம் சேர்த்திருக்கிறேன். எந்த ஸ்ருதிக்கு வாங்குவது?

---

ஐந்தரைக் கட்டை

ஓதுவார் ஐயாவை விட்டுவிடாதீர்கள், சென்னைக்கு வந்தாலும் ஊருக்குப் போகும்போதெல்லாம் போய் உட்காருங்கள். மிருதங்கத்தைப் பற்றி என்றால், என் தலைமுறையில் பாடுகிறவர்களில் பெண்கள்தான் அதிகம், ஐந்து, ஐந்தரை, ஆறு என்றுதான் இருப்போம். மற்றதை மந்தைவெளிக்காரர் சொல்லட்டும்.

---

மந்தைவெளி மிருதங்கம்

ஐந்தரைக்கு வாங்கு, கொஞ்சம் இறக்கி ஐந்துக்கும் சேர்த்துக்கொள்ளலாம். ஒரு மிருதங்கம் அரைக் கட்டை, மிஞ்சினால் ஒரு கட்டை வரைதான் நாதம் கெடாமல் ஏறி இறங்கும், அதற்குமேல் வாரை இழுத்தால் வலது பக்கத் தோலான வலந்தலை சீக்கிரம் கிழியும். உன் தக்கு 24 அங்குலம் இருக்கும், இது 22 அங்குலத்துக்குள் வரும், தூக்கிக்கொண்டு பஸ்ஸில் போகவும் வசதி.

ஆன்லைனில் ஆர்டர் பண்ணிவிடாதே. உடல் மரம் பலாதானா, உள்ளே விரிசல் ஏதாவது இருக்கிறதா என்று கைவிட்டுத் தடவிப் பார்க்க வேண்டும். அதைவிட முக்கியம், மூட்டு, அதாவது மிருதங்கத்தின் தோல் முகம், பண்ணுகிறவரோடு ஒரு நாள் உட்கார வேண்டும். அவர் சாதம், அதாவது வலந்தலை நடுவிலிருக்கிற கருப்பு வட்டம், போடுவதைப் பக்கத்திலிருந்து பார். கருப்புக் கல் பொடியும் சோறும் சேர்த்து மசித்ததை விரல் நுனியில் எடுத்து ஒரு சுற்று வைப்பார், கல்லால் தேய்ப்பார், தட்டிக் கேட்பார், மறுபடி ஒரு சுற்று. ஒவ்வொரு சுற்றுக்கும் நாதம் எப்படிக் கூடி வருகிறது என்று கேட்டால் நம் வாத்தியத்தைப் பற்றி அதுவரை தெரியாதது தெரியும். அவர்கள் கை இல்லாமல் நமக்குக் கச்சேரி இல்லை. பணத்தில் பேரம் பேசாதே, பேசியதை அன்றைக்கே கொடுத்துவிடு.

எனக்குப் பண்ணுகிறவர் இருபது வருஷமாகப் பழக்கம். ஜூலை இரண்டாவது ஞாயிறு அவரிடம் போகிறேன், என் மிருதங்கத்துக்கும் வலந்தலை மாற்ற வேண்டியிருக்கிறது. முந்தின நாள் ராத்திரி ரயிலில் ஏறினால் காலையில் வந்துவிடலாம், தனிச் செய்தியில் நம்பர் அனுப்புகிறேன். உன் தக்கு மிருதங்கத்தையும் கொண்டு வா, தொப்பித் தோல் எப்படி இருக்கிறது என்று அவரே பார்த்துச் சொல்லட்டும்.